வக்கீல் பிள்ளையவர்கள் மோட்டாரும் என் கடைப் பெட்ரோலும்

அனுப்புவது:
கெசியா,
காலஞ்சென்ற ஞானையா அவர்களின் மனைவி,
பெட்ரோல், மண்ணெண்ணெய் வியாபாரம்,
தெற்கு பஜார், பாளையங்கோட்டை.

பெறுவது:
திருநெல்வேலி ஜில்லா கலெக்டர் துரையவர்கள் சமூகம்,
கொக்கிரகுளம் கச்சேரி.

விஷயம்: நான் விற்ற பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருப்பதாக வக்கீல் குற்றாலலிங்கம் பிள்ளையவர்கள் கொடுத்த புகாரின்பேரில் என் கொட்டகை முத்திரையிடப்பட்டிருப்பது பற்றியும், அடுத்த வருஷத்து லைசென்சை ரத்து செய்யுமுன் துரையவர்கள் நேரில் சோதித்துப் பார்க்க வேண்டுவது பற்றியும்.

கனம் பொருந்திய துரையவர்களுக்கு,

1. கச்சேரி வாசலில் மனு எழுதிக்கொடுப்பவரிடம்தான் முதலில் போனேன். அவர் நான் சொன்னதைக் கேட்காமலே, "கதியற்ற ஏழை விதவை, கண்ணீரோடு பாதத்தில் விழுந்து" என்று தொடங்கிவிட்டார். நான் ஏழையுமல்ல, கதியற்றவளுமல்ல. வரி கட்டி, லைசென்சு பெற்று, வாசல் திறந்து வைத்து வியாபாரம் செய்கிறவள். ஆகையால் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, மிஷன் பள்ளியில் படித்த தமிழில் நானே எழுதுகிறேன். மரியாதையில் குறை இருந்தால் துரையவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். விஷயத்தில் குறை இராது.

2. என் புருஷர் இறந்தபின் பெட்ரோல் வைத்து விற்கும் லைசென்சு இதே கச்சேரியில் என் பெயருக்கு மாற்றித் தரப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து ரயிலில் வரும் டின்கள், கம்பெனியார் இட்ட ஈய முத்திரையோடு வருகின்றன. சட்டப்படி அவை கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தனியே இருக்கின்றன. அங்கே விளக்கு எடுத்துப் போவதில்லை. மண்ணெண்ணெய் முன்கடையில். முழு டின்னாகக் கேட்டால் முத்திரையோடே கொடுப்போம், சில்லறையாகக் கேட்டால் வாங்குகிறவர் கண்முன்னேதான் ஈயத்தை அறுத்து டின்னைத் திறப்போம். இது என் புருஷர் காலத்து வழக்கம், நான் அதில் ஒரு நூலளவும் மாற்றவில்லை.

3. மேற்படி வக்கீல் பிள்ளையவர்கள் ஆழ்வார்குறிச்சியில் நிலபுலன் உள்ளவர்கள், திருநெல்வேலி டவுனில் வாசம். இந்த வருஷ நடுவில் சென்னப்பட்டணத்திலிருந்து ஒரு மோட்டார் வருவித்தார்கள். நல்ல வண்டி, பொய் சொல்லக்கூடாது. தெருவில் வந்தால் நானே கல்லாவை விட்டு எழுந்து வந்து பார்ப்பேன். முன்புறம் கண்ணாடிக்குக் கீழே, மனிதருக்கு நெற்றி இருக்கும் இடத்தில், பெட்ரோல் ஊற்றும் தொட்டியின் பித்தளை மூடி பளபளவென்று இருக்கும். தொட்டி மேலேயும் இயந்திரம் கீழேயும் இருப்பதால் பெட்ரோல் தானே இறங்கிப் போகும் என்று அவர்கள் டிரைவர் முத்துமாலை சொல்லியிருக்கிறான். வாங்கின நாள் முதல் என் கடைப் பெட்ரோல்தான். புரட்டாசி வரைக்கும் ஒரு குறை சொன்னதில்லை.

4. ஆயுத பூஜை கழிந்த வாரம் முத்துமாலை கடைக்கு வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். "யம்மா, வண்டி நல்லாத்தான் கெளம்புது. பேட்டை தாண்டுனதும் இருமுது. பொறவு நின்னுருது. மூடியத் தெறந்து எண்ணெயை மோந்து பாக்கேன், திரும்ப மூடி ஓட்டுனா ஓடுது. கொஞ்ச தூரம் போனா மறுபடியும் நிக்கி. என்னன்னே வெளங்கல" என்றான். மழை நாளாயிற்றே, தண்ணீர் சேர்ந்திருக்குமோ என்று நான்தான் வெள்ளைத் துணி கொடுத்து வடிகட்டி ஊற்றச் சொன்னேன். வடிகட்டியும் நின்றது. அடுத்த தடவை தொட்டி நிறைய ஊற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு முன்னிலும் சீக்கிரமாக, டவுன் எல்லையிலேயே நின்றுவிட்டது. அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. "அவ எண்ணெய் கூடக்கூட வண்டி சீக்கிரம் நிக்கி. இதுக்கு மேல சாட்சி என்னத்துக்கு?" என்று பிள்ளையவர்கள் நடுத்தெருவில் சொன்னதாகக் கேள்வி.

5. அதன்பின் தூத்துக்குடியில் வேறொரு வியாபாரியிடம் ஒரு டின் வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறார்கள். வழக்கம்போல் நின்ற இடத்தில் மூடியைத் திறந்து அந்தப் பெட்ரோலை ஊற்றினார்கள். வண்டி ஓடியது. தூத்துக்குடி எண்ணெய் நல்லது, பாளையங்கோட்டை எண்ணெய் கலப்படம் என்று அன்றே தீர்ப்பாகிவிட்டது. அதே வண்டி சேரன்மகாதேவிக்கு இப்பால் மறுபடியும் நின்றதே என்று முத்துமாலை கேட்டதற்கு, "அவ எண்ணெய் அடியில கெடக்குலே, அது போவாண்டாமா?" என்று பதில் கிடைத்ததாம். இப்படி வாதாடினால் நான் எங்கே போய் ஜெயிப்பது? ஓடினால் அடுத்தவன் எண்ணெய், நின்றால் என் எண்ணெய்.

6. புகாரின்பேரில் ஓர் உத்தியோகஸ்தர் வந்து கொட்டகையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு உத்தரவு. ஆனால் அவர் முன்னிலையில் ஒரு டின்னைத் திறந்து, அவர் கையிலிருந்த காகிதத்திலேயே இரண்டு சொட்டு விட்டுக் காட்டினேன். பெட்ரோலானால் பறந்துவிடும், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்ப் பசை காகிதத்தில் நிற்கும். காகிதம் காய்ந்து வெளுத்து அப்படியே இருந்தது. வெள்ளைக்கார மிஷன் டாக்டர் அம்மாளின் வண்டியும் அதே சரக்கிலிருந்து வாங்கின பெட்ரோலில்தான் ஒருநாளும் நிற்காமல் ஓடுகிறது என்றும் சொன்னேன். அவரோடு வந்திருந்த பிள்ளையவர்கள் அதைக் கேட்டு, "வெள்ளைக்காரிக்கு ஒரு எண்ணெய், நமக்கு ஒரு எண்ணெய். வேதக்காரிதானே, அவ அப்படித்தான் செய்வா" என்றார்கள். துரையவர்களே, கலப்படக்காரி என்றதைக்கூடத் தாங்கினேன். நான் கிறிஸ்தவள் என்பதற்காகச் சொன்ன இந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. அன்று முதல் எனக்குச் சரியான தூக்கமில்லை.

7. கடையில் என்ன நடக்கிறதென்று துரையவர்கள் அறிய வேண்டும். பெட்ரோல் வாங்குகிறவர்கள் இந்த ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்த வியாபாரம் போனாலும் போகட்டும் என்றிருப்பேன். ஆனால் பெட்ரோலில் கலந்தவள் மண்ணெண்ணெயில் கலக்கமாட்டாளா என்று பஜாரில் பேச்சு கிளம்பிவிட்டது. விளக்கு மங்கினால் என் எண்ணெய். சிம்னி கரிந்தால் என் எண்ணெய். பேச்சித்தாய் என்று ஒருத்தி, என்னிடம் பல வருஷமாக வாங்குகிறவள், போத்தலை மூக்கண்டை வைத்து மோந்து பார்த்துவிட்டு, "கோவிக்காதிய யம்மா, ஊரு சொல்லுது, நானும் மோந்து பாக்கேன்" என்கிறாள். நான் உட்காருகிறேன், எழுகிறேன், வாசலுக்கு வருகிறேன், உள்ளே போகிறேன். மனசு ஒரு இடத்தில் தரிக்கவில்லை. லைசென்சு ரத்தென்று உத்தரவாகிவிட்டால் அது கெசியா கலப்படக்காரிதான் என்று சர்க்கார் முத்திரை குத்திக் கொடுத்ததாகும். அதன்பின் நான் உப்பு விற்றாலும் வாங்கமாட்டார்கள்.

8. கடைசியில் பொறுக்கமாட்டாமல், என் நாத்தனார் சாலோமியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பிள்ளையவர்கள் வீட்டுக்கே போனேன். "ஐயா, முத்திரை வைக்குமுன் முத்துமாலை வாங்கிவந்த டின் ஒன்று உங்கள் வீட்டில் ஈயம் அறுக்காமல் இருக்கிறதாம். அதை ஊற்றுங்கள், என்னையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். நின்றால் நின்ற இடத்தில் லைசென்சைக் கிழித்துப் போடுகிறேன்" என்றேன். இவ்வளவு பேசியிருக்க வேண்டாம்தான், வாய் முந்திவிட்டது. பிள்ளையவர்கள் சிரித்து, "ஏறும்மா. நீ ஊத்துன எண்ணெயில நீயே நடந்து திரும்பணும்னு எழுதியிருந்தா யாரு தடுக்க?" என்றார்கள். அவர்கள் முன்னால் முத்துமாலை பக்கத்திலும், நாங்கள் இருவரும் பின்னாலும் உட்கார்ந்தோம். சாலோமி அதற்குமுன் மாட்டு வண்டியைத் தவிர வேறு வண்டி அறியாதவள். பேட்டை போகுமட்டும் கண்ணைத் திறக்காமல் சங்கீதம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

9. சுத்தமல்லிக்குச் சமீபத்தில் வண்டி இருமியது. இரண்டு தரம் முன்னும் பின்னும் இழுத்துவிட்டு நின்றது. என் உயிரும் கூடவே நின்றது என்று எழுதினால் மிகையல்ல. பிள்ளையவர்கள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை. முத்துமாலை இறங்கி வழக்கம்போல் பித்தளை மூடியைத் திருகினான். அப்போது "உஸ்" என்று ஒரு சத்தம். காற்று உள்ளே இழுக்கும் சத்தம். அதை எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் விற்கிறவர்களுக்கு மாத்திரமல்ல, டின்னில் எண்ணெய் வாங்கி வைக்கும் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். டின்னில் ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காது, விக்கி விக்கி நின்றுவிடும். எதிர்மூலையில் காற்றுக்கென்று இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். நான் இறங்கி ஓடி, "முத்துமாலை, இந்தத் தொட்டிக்குக் காற்று ஓட்டை எங்கே?" என்று கேட்டேன். "மூடியிலதான் யம்மா, நடுவுல, ஊசி மொன அளவுல இருக்கும்" என்றான். மூடியை வாங்கிப் பார்த்தால் நடுவில் ஓட்டையைக் காணோம். அந்த இடத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடியும் சந்தனம், காய்ந்து கல்லாகியிருந்தது.

10. முத்துமாலையிடம் விசாரித்ததில் தெரிந்தது இது. ஆயுத பூஜைக்குப் பிள்ளையவர்கள் மனைவி ஆவுடைத்தாய் அம்மாள் அவர்கள் வண்டிக்குப் பூஜை செய்து, நெற்றிபோல் இருக்கிற அந்த மூடியில் பொட்டு வைத்தார்கள். அதற்குமேல் வெள்ளிக்கிழமைதோறும் வைத்து வருகிறார்கள். பூஜைப் பொட்டு என்பதால் வண்டி கழுவும்போதும் முத்துமாலை அந்த இடத்தைத் துடைப்பதில்லை. காற்று போக வழியில்லாததால் பெட்ரோல் இறங்காமல் வண்டி நிற்கிறது. மோந்து பார்க்கவோ வேறு எண்ணெய் ஊற்றவோ மூடியைத் திறந்த உடனே காற்று புகுந்து ஓடுகிறது. நிறைய ஊற்றினால் தொட்டியில் காற்றுக்கு இடம் குறைவு, அதனால் சீக்கிரம் நிற்கிறது. இவ்வளவுதான் துரையவர்களே. இதில் என் பெட்ரோலுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

11. ஓட்டையிலிருக்கும் சந்தனத்தை எடுத்துவிட்டுச் சோதிக்கலாமென்றால், யார் எடுப்பது? முத்துமாலை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "அம்மா வச்சதுல்லா, நான் சொரண்டமாட்டேன்" என்றான். நான் கொண்டையூசியை உருவினேன். பிள்ளையவர்கள், "வேதக்காரி கை அதுல படப்படாது" என்றார்கள். அவர்கள் கையாலேயே எடுக்கலாமே என்றேன், அதற்கும் சம்மதமில்லை. சரி, மூடியை இறுக்கித் திருகாமல் சும்மா மேலே வைத்து, துணியால் கட்டி, காற்று போகிற மாதிரி விட்டு ஓட்டுங்கள் என்றேன். அப்படியே சேரன்மகாதேவி வரைக்கும் போய், திரும்பி டவுனுக்கும் வந்தோம். மூன்று நான்கு தடவை நிற்கிற பாதையில் ஒரு தடவை இருமவுமில்லை. சாலோமி கண்ணைத் திறந்து ஆற்றையும் வயலையும் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை, இயந்திரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

12. வீடு வந்ததும் பிள்ளையவர்கள் புகாரை வாபஸ் வாங்குவார்களென்று வாசலில் நின்றேன். அவர்கள், "வழியில மூடியத் தெறந்ததுல நீ கலந்த மண்ணெண்ணெய் ஆவியாப் போயிருக்கும், அதான் வண்டி ஓடுச்சு" என்றார்கள். பெட்ரோல் இருக்க மண்ணெண்ணெய் முதலில் பறக்குமாம்! கோர்ட்டில் இப்படிப் பேசினால் ஜட்ஜ் துரை என்ன செய்வாரென்று தெரியாது, என் கடையில் பேசினால் பேச்சித்தாய்கூடச் சிரிப்பாள். ஆனால் உள்விஷயம் எனக்குப் புரிகிறது. வண்டியை நிறுத்தினது சந்தனப் பொட்டு என்று வெளியே வந்தால் வக்கீல்கள் கூடும் பார் ரூமில் பரிகாசம் செய்வார்கள். அதிலும் ஒரு வேதக்காரி சொல்லி வந்ததென்றால் இன்னும் அவமானம். அந்த அவமானத்துக்குப் பதிலாக என் பெயர் போனால் பரவாயில்லையா? இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

13. எங்கள் பக்கத்து ஆட்களையும் சொல்லியாக வேண்டும். விஷயம் கசிந்ததும் சபையார் இருவர் வந்து, "அவங்க பூசையே அவங்க வண்டிய நிறுத்திட்டு பாத்தீங்களா, இத நம்ம பத்திரிகையில போடணும்" என்று குதித்தார்கள். அதைப் போட்டால் என் கடை வாசலை மிதிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். குற்றம் பொட்டின்மேலுமில்லை, பூஜையின்மேலுமில்லை, வைத்த அம்மாள்மேலுமில்லை. என் கடை திறந்த அன்று போதகர் வந்து ஜெபம் பண்ணினார், அவர்கள் வண்டிக்கு அம்மாள் சந்தனம் வைத்தார்கள். நல்லபடி ஓடட்டும் என்றுதான் இரண்டும். ஓட்டை இருந்த இடத்தில் விழுந்துவிட்டது, அவ்வளவே. இந்த மனுவின் காரணமாகப் பூஜையைப் பற்றி ஒரு குறைவான வார்த்தை சர்க்கார் காகிதத்தில் ஏறுமானால், அதைவிட லைசென்சு போவதே மேல் என்றுகூட ஒரு சமயம் தோன்றுகிறது. மறு நிமிஷம், ஏன் போக வேண்டும் என்றும் தோன்றுகிறது.

14. ஆகையால் நான் கேட்டுக்கொள்வது: துரையவர்கள் முன்னிலையில், முத்திரையிட்டிருக்கும் கொட்டகையிலிருந்து துரையவர்களே ஒரு டின்னைப் பொறுக்கியெடுத்து, பிள்ளையவர்கள் மோட்டாரில் ஊற்றச் செய்ய வேண்டும். முதலில் மூடியை இப்போதிருக்கிறபடியே இறுக்கி ஓட்டவும், பிறகு அதே பெட்ரோலோடு தளர்த்தி ஓட்டவும் உத்தரவிட வேண்டும். துரையவர்களுக்கு நேரமில்லையானால், மோட்டார் அறிந்த ஒருவரை அனுப்பினாலும் சம்மதம். தளர்த்தின பின்னும் வண்டி நின்றால் நான் ஒரு வார்த்தை பேசாமல் சாவியையும் லைசென்சையும் கச்சேரியில் வைத்துவிடுகிறேன். நிற்காவிட்டால் அரக்கை உடைத்துக் கொட்டகையைத் திறந்துவிட வேண்டும். என் எண்ணெயில் கலப்படமில்லையென்று ஒரு வரி, தெற்கு பஜாரில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டவும் உத்தரவாக வேண்டும். பஜாரில் போன பெயர் பஜாரில்தான் திரும்பக் கிடைக்கும்.

வருஷம் முடிய அதிக நாளில்லை. சீக்கிரம் ஒரு முடிவு சொன்னால் போதும். எந்த முடிவானாலும் காத்திருப்பதைவிட மேல்.

பாளையங்கோட்டை,
1913 டிசம்பர் 8.

துரையவர்களின் நீதியை எதிர்பார்த்திருக்கும்,
கெசியா.

பின்குறிப்பு: மேற்கண்டதை மடித்து உறையில் போடும் சமயத்தில் கடை வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. இறங்கினவர்கள் பிள்ளையவர்கள் வீட்டு ஆவுடைத்தாய் அம்மாள். சுத்தமல்லியில் நடந்ததை முத்துமாலை இன்று விடியற்காலையில்தான் அவர்களிடம் சொன்னானாம். மனுவைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். ஒரு எழுத்து விடாமல் படித்தேன். 13-வது பாராவில் நிறுத்தச் சொல்லி, "எம்மேல குத்தமில்லன்னு எதுக்கு இம்புட்டு எழுதுதிய? வச்சவ நாந்தானே. காலையில குளிச்சிட்டு நானே ஊசி வச்சு எடுத்துட்டேன். அவுக கச்சேரிக்கும் கோயிலுக்கும் அலஞ்சிட்டு வந்தாக, வண்டி எங்கனயும் நிக்கல. அவுகளும் ஒண்ணும் கேக்கல" என்றார்கள். வக்கீலையா கோபிப்பார்களே என்றேன். "கோவிக்கட்டும். எஞ் சந்தனத்தச் சாக்கு வச்சு ஒரு பொம்பள கடைய மூட நான் விடமாட்டேன்" என்றார்கள். துரையவர்களுக்குச் சோதனைக்காக வேண்டுமென்றால் பழையபடியே மறுபடியும் அப்பித் தருவதாகவும் தெரிவித்தார்கள். பிறகு பேனாவை வாங்கி, நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல், தாங்களாகவே கீழ்க்கண்டதை எழுதினார்கள்.

மோட்டார் மூடியில் சந்தனம் வைத்தது நான்தான். கெசியா அம்மாள் எண்ணெயில் குற்றமில்லை. வெள்ளிக்கிழமை இனியும் வைப்பேன். ஓட்டையை விட்டு வைப்பேன்.

ஆவுடைத்தாய்,
வக்கீல் குற்றாலலிங்கம் பிள்ளை மனைவி.